அஞ்சாம் கேட்

வாசப்படிய வித்தவன்னு ஆரம்பிக்கும். அப்புறம் என்னமோ வரும். எங்க பெரியம்மா சொல்ற பழமொழி. ஜன்னல் வழியாப் போவான்னு முடியுமா, சுவரேறிக் குதிப்பான்னு முடியுமா, அந்தக் கடைசித் துண்டு மட்டும் வரமாட்டேங்குது. நேத்திலேர்ந்து நாக்கு நுனியிலயே நிக்குது. சரி, அது என் கஷ்டம். நீங்க வேற ஏதோ கேட்டீங்க. ஆமாமா, ஸ்டேடியத்துக்கு அல்சூர்தான். டிரினிட்டில இறங்குன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, அவ்வளவு தூரமும் திரும்ப நடக்கணும்.

டிக்கெட்டு போன்லயா? காட்டுங்க. கிழக்கு. கிளிஃபர்ட் ஸ்டாண்ட், கேட் நாலு. ம். பேரை நல்லாக் கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. இந்தாங்க. உக்காருங்க, இப்பத்தான் ஹூடி. ஃபுட்பால் மேட்ச் ஏழரைக்குத்தானே, டைம் இருக்கு.

இல்ல, நான் மேட்ச் பாக்கப் போகலை. வீட்டுக்குப் போறேன். ஒயிட்ஃபீல்ட்ல கிளப் ஆபீஸ்ல ஒரு வேலை இருந்துச்சு, முடிச்சுட்டு வர்றேன். வீடு அங்கதான். ஸ்டேடியத்துக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு, குவாரி லைன்னு. பின்னாடின்னா, அவங்களுக்குப் பின்னாடி. எங்களுக்கு அதுதான் முன்னாடி.

எப்படித் தெரியும்னா, நான்தாங்க அதை வரைஞ்சேன். நிஜமாத்தான். ஆர்க்கிடெக்ட். மெட்ரோல வர்றவன் ஸ்டேடியம் கட்டினவனா இருப்பானான்னு பாக்குறீங்க. கட்டினவன் மெட்ரோலதான் வருவான். கட்டச் சொன்னவன் கார்ல வருவான்.

போட்டோவா? இப்ப வேணாம் தம்பி. அல்சூர் வரட்டும். அப்பவும் என்கூட எடுக்கணும்னு தோணிச்சுன்னா எடுத்துக்குங்க.

வேலை எங்க? ஏசி மெயின்டனன்ஸா. ஓஹோ. அரை நாள் லீவு போட்டுட்டு வர்றீங்களா? ஜெர்சி கூடப் புதுசா இருக்கு, மடிப்புக் கலையலை. ஸ்டேடியத்துக்குள்ள போறதே முதல் தடவையா... அப்படியா. ம். சொந்த ஊரு? குடியாத்தமா. எங்க தாத்தாவோட அப்பாவும் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வந்தார். கல் உடைக்க.

கதையே அங்கதான் ஆரம்பம். அந்த இடம் மொதல்ல கல்குவாரி. கன்டோன்மென்ட்ல பழைய பேரக்ஸு, சர்ச்சு, பெரிய பெரிய காம்பவுண்டு சுவரெல்லாம் பாக்குறீங்கல்ல, அதுல பாதிக் கல்லு எங்க பள்ளத்துலேர்ந்து போனதுன்னு லைன்ல சொல்லிக்குவாங்க. மீதிக் கல்லு எங்கேர்ந்து போச்சுன்னு அவங்களைக் கேக்கக் கூடாது. ஊரு கட்டி முடிஞ்சுது, எங்களுக்கு மிஞ்சினது ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுத்தி கல் உடைச்சவங்க குடிசை. அப்புறம் பாதிப் பள்ளத்தை மண்ணைக் கொட்டி மூடினாங்க. மேல செம்மண்ணு. எவனோ ரெண்டு மூங்கில நட்டுட்டுப் பந்தை உருட்ட ஆரம்பிச்சான்.

பள்ளம்ங்கிறதால ஒரு சௌகரியம். நாலு பக்கமும் சரிவு. யாரும் கேலரி கட்டித் தரவேண்டாம், அங்கங்க உக்காந்தா முன்னாடி இருக்கிறவன் தலை மறைக்காது. எனக்கு அஞ்சாவது வரைக்கும் தமிழ் மீடியம், சர்ச் ஸ்கூலு, அப்புறம் தூக்கி இங்கிலீஷ்ல போட்டாங்க. ரெண்டு பாஷையிலயும் அந்தச் சரிவுக்கு ஒரு பேரு இருந்ததா ஞாபகம் இல்ல. மண்ணுன்னு சொல்லுவோம். ஜெர்மனில போய் சம்பளத்துக்கு ஸ்டேடியம் வரைஞ்சப்பதான் அதுக்கு ஒரு கணக்கு இருக்குன்னு தெரிஞ்சுது. ஒவ்வொரு வரிசையும் முன்வரிசையை விட எவ்வளவு உசரணும்னு. ஒரு விரல் கூடினா படி செங்குத்தாயிடும், ஒரு விரல் குறைஞ்சா முன்னாடி ஆளோட வழுக்கையைத்தான் பாத்துட்டு வரணும். அந்தக் கணக்கைப் போட்டு வரைஞ்சு முடிச்சு நிமிந்து பாத்தா, எங்க குவாரிச் சரிவு அப்படியே காகிதத்துல கிடக்கு.

பதினெட்டு வருஷம் அங்க. நாலு ஸ்டேடியத்துல வேலை. பெருசா நினைச்சுக்காதீங்க, ஒண்ணுல கக்கூஸ் மட்டும்தான் நம்ம பொறுப்பு. சிரிங்க, பரவால்ல. நாப்பதாயிரம் பேரு இடைவேளையில ஒரே நேரத்துல எழுந்துருச்சுப் போவான், லேசுப்பட்ட வேலைன்னு நினைச்சீங்களா?

திரும்பி வந்தது இதுக்காகத்தான். புது கிளப்பு, அந்த கிரவுண்டை லீஸுக்கு எடுத்திருக்கோம், வந்து டிசைன் பண்ணித் தர்றீங்களான்னு கேட்டாங்க. எங்க கிரவுண்டு. நான் மூட்டையைக் கட்டிட்டு வந்துட்டேன். இத்தனை பெரிய ஆபீஸுங்க இருக்கிறப்ப இவங்களுக்கு என் பேர் எப்படிக் கிடைச்சுதுன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கலை. இப்ப யோசிக்கிறேன். லைன்ல பொறந்தவன் ஒருத்தன் வரைஞ்சான்னா, அப்புறம் லைன்ல எவன் கல்லெடுப்பான்?

கேஆர் புரமா இது? சரி சரி, அவங்களுக்கு வழி விடுங்க. இந்தப் பக்கம் நகந்துக்குங்க.

டிசைனா? சொல்றேன். நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். பள்ளத்தை மூடாதீங்க. ஸ்டேடியத்தை மேல தூக்காதீங்க, உள்ள இறக்குங்க. வெளியேர்ந்து பாத்தா ஒரு மாடி வீட்டு உசரம், மீதியெல்லாம் தரைக்குக் கீழ. லைன்ல எவன் வீட்டு வெயிலையும் அது மறைக்காது. பள்ளம்னா மழைத்தண்ணி நிக்குமேன்னாங்க, கீழ பெரிய தொட்டி கட்டி அதையும் சரி பண்ணினேன். பழைய கிரவுண்டு கிழக்கு மேற்கா கிடந்துச்சு, சாயங்காலம் ஒரு பக்கத்து கீப்பருக்குக் கண்ணு அவிஞ்சிடும். அதை வடக்கு தெற்காத் திருப்பினேன். எல்லாரும் பாராட்டினாங்க. எங்க டாடி மட்டும், அப்ப டாஸ் ஜெயிச்சு என்னடா பிரயோஜனம்னு கேட்டார்.

இப்ப உங்க ஸ்டாண்டுக்கு வர்றேன். மெயின் ரோடு தாழ்வு, எங்க சந்து மேடு. மத்த கேட்டெல்லாம் ரோட்டுப் பக்கம், கீழ நுழைஞ்சு படி ஏறணும். கிழக்கு ஸ்டாண்டோட மேல் வரிசை மட்டும் நேரா எங்க சந்து மட்டத்துக்கு வரும். அங்க ஒரு கேட்டு, அஞ்சாம் கேட். சந்துலேர்ந்து ஒரு அடி உள்ள வச்சா போதும். படி கிடையாது, ஏற வேணாம். மொத்த மைதானமும் பச்சையா கால் கீழ விரிஞ்சு கிடக்கும். என் வாழ்க்கையில நான் வரைஞ்சதுலயே அந்த ஒரு அடிதான் உருப்படி.

அது எங்க டாடிக்காக வரைஞ்சது. எண்பத்தொண்ணு ஆகுது, ரெண்டு முட்டியும் போச்சு, படின்னா முடியாது. அவர்தாங்க கிளிஃபர்ட். ஆமா, உங்க டிக்கெட்ல இருக்கிற கிளிஃபர்ட். உயிரோடதான் இருக்கார், ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஸ்டாண்டுக்குப் பேர் வைக்கணும்னா செத்துத்தான் போயிருக்கணுமா?

கோல்கீப்பர். ஃபேக்டரி டீம். அப்பல்லாம் நல்லாப் பந்து ஆடினா ஃபேக்டரில எடுத்துக்குவாங்க. காலைல லேத்து, சாயங்காலம் கிரவுண்டு. லைன்ல பாதி வீட்டுக்கு அரிசி அப்படித்தான் வந்துச்சு. எங்க வீட்டுக்கும். டாடி கையைப் பாத்தீங்கன்னா ஒரு விரல் கூட நேரா இருக்காது. அந்த விரலால சிலுவை போடுறப்ப பாதர் வேற பக்கம் பாத்துக்குவார்.

புல்லா? அதைக் கேக்காம இருந்தீங்கன்னா நல்லாருக்கும்னு நினைச்சேன். அது என் முட்டாள்தனம். எங்க ஆளுங்க செம்மண்ணுல விழுந்து விழுந்து முட்டியத் தேச்சவங்க. அவங்களுக்கு உலகத்துலயே நல்ல புல்லு போடணும்னு எனக்கு ஆசை. ஜெர்மனில பாத்த அதே புல்லு, வேருக்கு நடுவுல நைலான் நூல் கோத்துத் தைக்கிறது. அதுதான் வேணும்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். அந்தப் புல்லை வாரத்துக்கு இவ்வளவு நேரத்துக்கு மேல மிதிக்கக் கூடாதுன்னு இருக்கு. கிளப் டீம் பிராக்டீஸுக்கே அது சரியாப் போச்சு. ஞாயித்துக்கெழமை காலைல லைன் பசங்க ஆடலாம்னு ஆரம்பத்துல சொன்னது எல்லாம், சாரி சார், டர்ஃப் தாங்காதுன்னு ஆயிடுச்சு. யாரு மேல தப்பு? புல்லு மேல. எங்க அண்ணன் நோயல், அவன்தான் லைன் டீமை நடத்துறான், சர்ச் வாசல்ல நாலு பேர் நிக்கிறப்ப என்னைக் கூப்பிட்டுக் கேட்டான். ஏன் மேன், ஆடத்தான் விடமாட்டேங்குறான், மேயவாச்சும் விடுவானான்னு.

அஞ்சாம் கேட்டாவது இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆடலைன்னாலும் மேட்ச் அன்னிக்கு எங்க சந்து வழியா உள்ள போயி, எங்க சரிவுல உக்காரலாம்.

பென்னிகானஹள்ளி போயாச்சா. இன்னும் நாலஞ்சு ஸ்டேஷன்.

இங்க ஒரு வழக்கம் இருக்கு தம்பி. பில்டிங்ல வேலை செய்றீங்க, உங்களுக்குச் சொல்லவேணாம். இன்ஸ்பெக்ஷன் வர்ற வரைக்கும் எல்லாம் பிளான்ல இருக்கிற மாதிரியே இருக்கும். சர்டிபிகேட் கைக்கு வந்த மறுநாள் மேஸ்திரி வருவான். கார் நிறுத்துற இடத்துல கடை வரும், மொட்டை மாடில ரூம் வரும். உங்க ஆபீஸ்லயும் அப்படியா? அவசரப் படிக்கட்டுலயா ஏசி யூனிட்டை வச்சிருக்காங்க? பாத்தீங்களா. இந்த ஊர்ல சர்டிபிகேட் வாங்கினதுக்கு அப்புறம்தான் நிஜக் கட்டடமே ஆரம்பிக்கும். அது எனக்குத் தெரியாம இல்ல, இங்கயே பொறந்தவன். வெளிய இருந்ததுல மறந்துட்டேன்.

போன மாசம் நான் கையெழுத்துப் போட்டேன். கட்டடம் பிளான்படி இருக்கு, இத்தனை பேர் உக்காரலாம், இத்தனை வழி இருக்குன்னு. அன்னிக்கு அது உண்மை. பத்து நாள் முன்னாடி போனா, அஞ்சாம் கேட் இருந்த இடத்துல சுவரு. ஹாலோ பிளாக்கு வச்சு, பூசி, பட்டி பாத்து, எல்லாம் முடிச்சாச்சு. உள் பக்கம் மட்டும். சந்துப் பக்கம் நம்ம இரும்புக் கேட் அப்படியே நிக்குது, பூட்டோட. வெளியேர்ந்து பாக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

தேஜஸ்னு ஒரு பையன், புராஜெக்ட் ஹெட்டு. அவன்கிட்ட போய்க் கேட்டேன். சார், அந்தப் பக்கம் கேட் வச்சா கன்ட்ரோல் ஆகாது சார்னான். அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம் தேஜஸ்னேன். லோகல் பக்கம் சார், டிக்கெட் இல்லாம நுழைஞ்சுடுவாங்க. நல்ல பையன்தான், கெட்டவன் இல்ல. என்னை லோகல்னு அவனுக்குத் தோணவே இல்ல பாருங்க, அவ்வளவு மரியாதை.

அந்தச் சுவரு வெறும் சுவரா இருந்தாக்கூடப் பரவால்ல. அதுல எங்க டாடியை வரைஞ்சிருக்காங்க. பழைய பேப்பர் போட்டோ ஒண்ணு எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கும், பந்துக்குத் தாவுறது. சந்தோஷமாக் கழட்டிக் குடுத்ததே டாடிதான். அதைப் பாத்துப் பெருசா, சுவர் முழுக்க. பச்சை ஜெர்சி, ரெண்டு கையையும் இப்படி விரிச்சுக்கிட்டு. விரல் மட்டும் நேரா வரைஞ்சிருக்காங்க. நல்ல ஆர்ட்டிஸ்ட்.

தேஜஸ் அதைக் காட்டித்தான் சொல்றான். உங்க அப்பா பேரையே ஸ்டாண்டுக்கு வைக்கிறோம் சார், சேர்மன் ஓகே சொல்லிட்டார், ஃபர்ஸ்ட் மேட்ச் அன்னிக்கு அவரே திறந்து வைக்கட்டும். அதுக்கு மேல நான் என்ன பேசுவேன்னு அவனுக்குத் தெரியும். ஆர்க்கிடெக்டோட வாயை அடைக்க ஹாலோ பிளாக் பத்தாது, அதுக்கு அப்பா பேர் வேணும்.

டாடியா? டாடிக்கு சந்தோஷம். சந்தோஷம்னா சாதாரண சந்தோஷம் இல்ல. நாப்பது வருஷமா அவர் ஆடினதை யாரும் கேட்டதில்ல. அந்த ஃபேக்டரியே மூடியாச்சு. இப்ப திடீர்னு கொட்டை எழுத்துல பேரு. ஒரு வாரமா அந்தப் பழைய ஜெர்சியை மௌரீன் அண்ணிகிட்டக் குடுத்துத் துவைக்கச் சொல்றார், அயர்ன் பண்ணச் சொல்றார், மறுபடி மடிப்பு சரியில்லைங்கிறார். கிளப்லேர்ந்து ஆள் வந்து, ரோட்டுப் பக்கம் ஒண்ணாம் கேட்ல படி நிறைய அங்கிள், சேர்ல உக்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போறோம்னாங்க. நாலு பேர் தூக்கறதுக்கு இன்னும் நாள் இருக்கு, எனக்கு சந்துலயே கேட் இருக்கு, என் பையன் போட்டதுன்னு சொல்லி அனுப்பிட்டார். டெய்லி சாயங்காலம் அந்தப் பூட்டுன கேட்டுக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிறார். போறவன் வர்றவன்கிட்ட எல்லாம், மேட்ச் அன்னிக்குத் திறப்பான்னு சொல்றார். பின்னாடி சுவர் இருக்குன்னு அவருக்குத் தெரியாது. நோயலுக்குத் தெரியும். நீ சொல்லு மேன், நீதானே வரைஞ்சேன்னுட்டுப் போயிட்டான்.

இல்ல இல்ல, நீங்க நினைக்கிறது சரிதான். ஒரு கேட்டுக்குப் போய் இவ்வளவான்னுதானே? எங்க டாடி உள்ள போகலைன்னா உங்களுக்கு என்ன? நியாயம். நானும் அப்படித்தான் யோசிச்சேன். வயசானவரு, சந்தோஷமாப் போய் ரிப்பன் வெட்டிட்டு வரட்டும், நான் வாயை மூடிட்டு இருக்கலாம்னு நாலு நாள் இருந்தேன்.

ஆனா அஞ்சாம் கேட் வர்றதுக்கு மட்டும் இல்ல தம்பி. போறதுக்கும் அதுதான். உங்க ஸ்டாண்டுல ஆறாயிரம் சீட்டு. ஏதாவது ஒண்ணு ஆச்சு, ஒரு ஒயர் புகைஞ்சுது, எவனோ ஒருத்தன் கத்தினான்னு வைங்க, எட்டு நிமிஷத்துக்குள்ள அத்தனை பேரும் வெளிய இருக்கணும். மூணு, நாலு, அஞ்சு, இந்த மூணு கேட்டையும் சேத்துத்தான் ஆறாயிரம்னு நான் கையெழுத்துப் போட்டேன். அதுல பெரியது அஞ்சுதான். பயந்த மனுஷன் எந்தப் பக்கம் ஓடுவான்னு நினைக்கிறீங்க? பள்ளத்துல இருக்கிறவன் மேலதான் ஓடுவான். வெளிச்சம் மேலதான் தெரியும். முட்டி மோதிக்கிட்டு மேல வந்தா அங்க எங்க டாடி நிப்பார். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. வாழ்நாள் முழுக்க உள்ள விடாம நின்ன மனுஷன், இப்ப ஒருத்தனையும் வெளிய விடமாட்டார்.

அதான் தேஜஸ்கிட்ட சொன்னேன், பேர் வைக்கிறது உன் இஷ்டம், மேட்ச்சுக்கு முன்னாடி சுவரை எடுத்துடுன்னு. எடுத்துடறேன் சார், மாடே மாட்தினி, செஞ்சே தீருவேன்னான், மேஸ்திரிக்கு சொல்லியாச்சுன்னான். நேத்து சாயங்காலம் போய்ப் பாத்தேன். எடுக்கலை. வார்னிஷ் அடிச்சிருந்தாங்க. மழையில படம் கெட்டுப் போகாம இருக்க. பளபளன்னு இருக்கார் டாடி.

இது இந்திராநகரா? அடுத்தது நம்மளது.

காலைல வீட்டை விட்டுக் கிளம்புறப்ப டாடி ஷேவ் பண்ணிட்டு இருந்தார். சாயங்காலம் சீக்கிரம் வந்துடு, நீதான் என்னைக் கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகணும்னார். சரி டாடின்னேன். அந்த ஜெர்சி கதவுல ஹேங்கர்ல தொங்குது. இப்ப போட்டுக்கிட்டு கேட்டுக்கு எதிர்ல உக்காந்திருப்பார். சந்து முனையிலேர்ந்தே தெரியும்.

கிளப் ஆபீஸ்ல என்ன வேலைன்னு அப்பவே கேட்டீங்க. கூப்பிட்டாங்க, போனேன். சேர்மனே உக்காந்திருந்தார். காப்பி குடுத்தாங்க. அப்பாவை நினைச்சுப் பாருங்க ஹெர்பர்ட், அவரோட நாள் இதுன்னார். தமிழ்லயே சொன்னார், இதுக்குன்னு யாரையோ கேட்டுக் கத்துக்கிட்டிருக்கார் போல. நான் காப்பியைக் குடிச்சுட்டு எழுந்து வந்துட்டேன். அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போன விஷயம் அது.

போன்ல ஒண்ணும் வரலையா? வரும். ஏழு மணி வரைக்கும் ஏதாவது பண்ண முடியுமான்னு பாப்பாங்க, அப்புறம்தான் சொல்லுவாங்க. இதோ அல்சூர். நான் இறங்கணும். நீங்களும் இறங்குங்க, ஆனா வெளிய வராதீங்க, எதிர்ப் பக்கமே திரும்பிப் போற வண்டி வரும். லீவு போட்டு வந்தீங்க, அதான் சொல்றேன். காலைல ஃபயர் ஆபீஸுக்குப் போய் என் கையெழுத்தை நான் திரும்ப எடுத்துக்கிட்டேன். மத்தியானம் வந்து பாத்துட்டு சீல் வச்சுட்டாங்க. கிளிஃபர்ட் ஸ்டாண்ட் இன்னிக்குத் திறக்காது.